பூச்சி எதிர்ப்புப் புல்: ஒரு தென்னங்காணிக்கும் ஒரு மலைக்காணிக்கும் மூன்று தெரிவுகள்

கொட்டாஞ்சேனையில் வசிக்கும் என் மாமாவுக்கு வெளியூரில் இரண்டு காணிகள் இருக்கின்றன. ஒன்று குளியாப்பிட்டிப் பக்கத்தில் ஒன்பது ஏக்கர் தென்னந்தோட்டம். மற்றது நானுஓயாவுக்கு அப்பால் நான்கு ஏக்கர் மேட்டுநிலம், முன்னர் உருளைக்கிழங்கு போட்டது. இரண்டிலும் கறவை மாடு வைப்பது என்று முடிவெடுத்த பிறகு, போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று தாள்களை மேசையில் பரப்பிவைத்துக்கொண்டு என்னை அழைத்தார். முதல் தாளில் பக்கத்துப் பண்ணைக்காரர் தர இணங்கிய சீஓ-3 என்ற தீவனப் புல்லின் தண்டுத்துண்டுகளின் கணக்கு. இரண்டாவது, இறக்குமதி முகவர் ஒருவர் கொடுத்த, பிரக்கேரியா என்ற மேய்ச்சல் புல்லின் கலப்பின விதைக்கான விலைப்பட்டியல். அதில் "பூச்சி எதிர்ப்புள்ளது" என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தது. மூன்றாவது, நியூசிலாந்து ரைப்புல் விதை. அதிலும் ஏதோ ஒரு பங்கசின் பெயரைச் சொல்லிப் பூச்சி அண்டாது என்று எழுதியிருந்தது. "மருமகன், பூச்சி தின்னாத புல் இதிலே எது? அதை மட்டும் சொல்லும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் மாமா.

நான் பேராதனையில் விவசாயம் படித்தவன். இப்போது கொழும்பில் வேறு தொழில் பார்த்தாலும், குடும்பத்தில் புல், பூச்சி, உரம் என்று எது வந்தாலும் என் தலையில்தான் விழும். மாமாவுக்குச் சொன்ன பதிலை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன். கொழும்பில் இருந்துகொண்டு வெளியூர்க் காணியில் புல் போட நினைப்பவர்கள் இப்போது பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய மேசையிலும் பெரும்பாலும் இதே மூன்று தாள்கள்தான் இருக்கும்.

மாமாவின் கேள்விக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2018ஆம் ஆண்டில் சேனா படைப்புழு இந்த நாட்டுக்குள் வந்து சோளச் சேனைகளை அழித்ததை எல்லோரும் பார்த்தோம். 2021ஆம் ஆண்டில் பீடைநாசினி இறக்குமதி நிறுத்தப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் மீண்டும் திறக்கப்பட்டதற்கு இடைப்பட்ட மாதங்களில், கையில் காசு இருந்தும் போத்தல் வாங்க முடியாமல் நின்ற அனுபவம் அவருக்கு மறக்கவில்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு: இன்று மருந்து அடித்த புல்லை நாளை வெட்டி மாட்டுக்குப் போட முடியாது, போட்டால் மருந்தின் மிச்சம் பாலில் தெரியும். ஆகையால் தீவனப் புல்லில் மருந்தை நம்புவதைவிடப் புல்லின் பரம்பரையை நம்புவது புத்திசாலித்தனம் என்பதில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் "பூச்சி எதிர்ப்பு" என்பது புல்லுக்குள் இருக்கும் ஒரே குணம் போல விலைப்பட்டியல்கள் பேசுகின்றன. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

அமெரிக்கப் பூச்சியியலாளர் ரெஜினால்ட் பெயின்டர் 1951இல் வகுத்த மூன்று வகைப்பாடு இன்றும் பயன்படுகிறது. மயிர், மணம், நிறம் போன்றவற்றால் பூச்சியை வரவிடாமல் விலக்குவது ஒன்று. வந்து தின்ற பூச்சி வளராமலோ பெருகாமலோ சாகும்படி செய்வது இன்னொன்று. தின்பது தின்னட்டும் என்று தாங்கிக்கொண்டு மீண்டும் தளிர்ப்பது மூன்றாவது. ஒரே பெயரில் விற்கப்படும் இந்த மூன்றுக்கும் பின்னால் இருக்கும் பரம்பரையலகுகள் வேறு, அவை கடத்தப்படும் வழி வேறு, காலப்போக்கில் அவை தோற்கும் விதமும் வேறு.

தோற்பது என்றதும் நம் நாட்டு நெல் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நெல்லும் புல் குடும்பத்துப் பிள்ளைதானே. நெல்லின் சாற்றை உறிஞ்சும் கபிலத் தத்திக்கு எதிராக ஒற்றைப் பரம்பரையலகை வைத்து உருவாக்கிய ஐஆர்26 என்ற நெல்லினம் 1973இல் வெளிவந்தது. மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் அதைத் தின்னப் பழகிய தத்திகள் பிலிப்பைன்சிலும் இந்தோனேசியாவிலும் பெருகிவிட்டன. அதேவேளை, இலங்கையின் பாரம்பரிய இனமான ரத்து ஹீனட்டி நீண்ட காலம் எதிர்த்து நின்றது. ஏன் என்பதற்கான விடையின் ஒரு பகுதி 2015இல்தான் கிடைத்தது: அதிலுள்ள பிபிஎச்3 எனப்படும் எதிர்ப்பு ஒற்றைப் பரம்பரையலகு அல்ல, அருகருகே அமைந்த மூன்று பரம்பரையலகுகளின் கொத்து. மூன்றும் கலமென்சவ்வில் காவல் நிற்கும் ஏற்பிகளை ஆக்குபவை. மூன்றும் சேர்ந்திருக்கும்போது கிடைக்கும் பாதுகாப்பு தனித்தனியே கிடைப்பதில்லை. ஆகவே புல் விதைப் பையைப் பார்க்கும்போது எதிர்ப்பு உண்டா என்று கேட்பதோடு நிறுத்தாமல், அது எந்தப் பூச்சிக்கு, எத்தனை பரம்பரையலகுகளில், யாருடைய உடலில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். "யாருடைய உடலில்" என்பது விசித்திரமாகத் தோன்றலாம். ரைப்புல்லுக்கு வரும்போது அது விளங்கும்.

முதலில் சீஓ-3. கோயம்புத்தூரில் கம்பையும் நேப்பியர் புல்லையும் கலந்து உருவாக்கிய இந்த இனத்தை அறியாத மாட்டுக்காரர் இலங்கையில் இல்லை. கம்பு இருமடியம், அதாவது இரண்டு தொகுதி நிறமூர்த்தங்கள் கொண்டது, மொத்தம் 14. நேப்பியர் நான்மடியம், நான்கு தொகுதி, மொத்தம் 28. இரண்டும் கூடிப் பிறந்த பிள்ளைக்கு 21. மூன்று தொகுதி நிறமூர்த்தங்கள் சோடி சேர முடியாததால் அது மலடு. விதை கட்டாது, தண்டுத்துண்டால் மட்டுமே பெருகும். இதன் பொருள், குளியாப்பிட்டியில் இருக்கும் சீஓ-3 புதரும் வவுனியாவில் இருக்கும் சீஓ-3 புதரும் பரம்பரையில் ஒரே ஆள். ஒன்றைத் தின்னக் கற்ற பூச்சி மற்றதையும் தின்னும்.

பூச்சி எதிர்ப்பு என்று பார்த்தால், சீஓ-3இன் பலம் பெரும்பாலும் மூன்றாவது வகையைச் சேர்ந்தது, அதாவது தாங்கும் பலம். சேனா படைப்புழு இதன் குருத்துக்குள் நுழைந்து தின்னத்தான் செய்கிறது. போன ஆண்டு பக்கத்துப் பண்ணையில் நானே குனிந்து பார்த்தேன்: விரிந்த இலையில் வரிசையாகத் துளைகள், குருத்தின் மடிப்பில் ஈரமான மரத்தூள் போலக் கழிவு, அதை விரலால் ஒதுக்கினால் தலையில் தலைகீழான ஒய் வடிவக் கோட்டுடன் ஒரு குடம்பி. ஆனால் நம் வெப்பத்தில் முட்டையிலிருந்து அந்துப்பூச்சி ஆகும் வரை ஏறக்குறைய முப்பது நாட்கள் எடுக்கும் அந்தப் புழுவுக்கு, நாற்பத்தைந்து நாட்களுக்கு ஒருமுறை அரிவாளோடு வரும் பண்ணைக்காரர் பெரிய இடைஞ்சல். வெட்டியதும் குருத்தும் போகிறது, அதிலிருந்த புழுவும் போகிறது, அடியிலிருந்து புதுத் தூர் வெடிக்கிறது. ஒரு தலைமுறை முந்திக்கொண்டு அந்துப்பூச்சியாகிப் பறந்துவிடலாம்தான், ஆனால் அடுத்தது புழுவாக இருக்கும்போதே அரிவாள் வந்துவிடும். வெட்டும் நாளை இரண்டு வாரம் தள்ளிப்போட்டால் மட்டும் இந்தக் கணக்கு குழம்பிவிடும்.

இந்தத் தாங்கும் திறனில் எனக்குப் பிடித்த ஒரு அம்சம் உண்டு: பூச்சியைக் கொல்லாத எதிர்ப்புக்குப் பூச்சி மாற்றுவழி தேட வேண்டிய நெருக்கடி இல்லை. கொல்லும் எதிர்ப்போ, தப்பிப் பிழைக்கும் சில பூச்சிகளைத் தலைமுறைதோறும் தெரிந்தெடுத்துக்கொண்டே இருக்கும். ஆனால் மலட்டு இனத்தின் குறை நோயில் தெரியும். கிழக்கு ஆபிரிக்காவில் தத்துப்பூச்சி ஒன்று பரப்பும் நேப்பியர் குட்டை நோய் சிறுபண்ணைகளின் புல்லைக் கட்டையாக்கி மஞ்சளாக்கி ஒழித்துவிட்டது. நோயுள்ள தண்டுத்துண்டைக் கைமாற்றிக் கைமாற்றி அதைப் பரப்பியவர்கள் அந்தப் பண்ணைக்காரர்களேதான். வெளிநாட்டுப் பயணத்தில் "சுப்பர் நேப்பியர்" தண்டு இரண்டைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டுநாயக்காவில் இறங்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன். தாவரத் தொற்றுத்தடைகாப்பு அலுவலர்கள் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை.

இனி இரண்டாவது தாள். பிரக்கேரியா நமக்குப் புதிதல்ல. தென்னை முக்கோணத்தில் மரத்தடிப் புல்லாகப் பிரக்கேரியா இனங்கள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. இப்போதைய தாவரவியலாளர்கள் இதை யூரோக்ளோவா என்ற பேரினத்தில் சேர்க்கிறார்கள். கடைக்காரர் பழைய பெயரையே சொல்வார், நானும் அதையே சொல்கிறேன். மாமாவின் தாளில் இருந்தது முலாட்டோ-2 வகைக் கலப்பினம். பூச்சி எதிர்ப்புக்காகவே திட்டமிட்டு இனவிருத்தி செய்யப்பட்ட வெப்பவலயப் புல் என்றால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், அதன் கதையும் கேட்கத் தக்கது.

பிரேசிலின் செராடோ சமவெளியில் 1970களில் பசிலிஸ்க் என்ற ஒரே பிரக்கேரியா இனத்தைப் பல இலட்சக்கணக்கான ஹெக்டேயரில் விதைத்தார்கள். பசிலிஸ்க் பாலின்றி விதை கட்டும் இனம். கருவுறாமலே தாயின் அச்சு விதையாக வரும். ஆகவே அத்தனை ஹெக்டேயரும் ஒரே தாயின் நகல். அதன் மேல் நுரைப்பூச்சி விழுந்தது. இந்தப் பூச்சியின் இளம் பருவம் புல்லின் அடியில் எச்சில் துப்பினாற்போல ஒரு வெள்ளை நுரைக்குள் ஒளிந்துகொண்டு சாற்றை உறிஞ்சும். வளர்ந்தது இலையில் உட்கார்ந்து நச்சு உமிழ்நீரைச் செலுத்தி இலையைக் காய வைக்கும். பசிலிஸ்குக்கு இதைத் தடுக்கும் வழி எதுவும் இல்லை. 1984இல் பிரேசில் அரசின் விவசாய ஆராய்ச்சி நிறுவனமான எம்பிராபா மரண்டு என்ற எதிர்ப்பு இனத்தை வெளியிட்டது; பிரேசில் மீண்டும் அதே தவறைச் செய்தது, இம்முறை மரண்டுவை வைத்து. பிறகு மகனார்வா என்ற வேறொரு பேரின நுரைப்பூச்சி மரண்டுவைத் தாக்கத் தொடங்கியது. போதாக்குறைக்கு மரண்டுவுக்குத் தண்ணீர் தேங்கினால் ஆகாது. மழை வலுத்த பகுதிகளில் திட்டுத் திட்டாகச் செத்தது. நம் பருவமழையில் களிமண் காணி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கொலம்பியாவில் உள்ள சர்வதேச வெப்பவலய விவசாய நிலையத்தின் இனவிருத்தியாளர்களுக்கு இருந்த தடை, எதிர்ப்புள்ள இனங்கள் அனைத்தும் பாலின்றி விதை கட்டுபவை என்பதுதான். தாயின் நகலே பிறக்கும் இடத்தில் கலப்பு எப்படிச் செய்வது? பால்முறையில் இனம்பெருக்கும் ரூசிசியென்சிஸ் என்ற பிரக்கேரியா இருமடியமாக இருந்ததால் நான்மடியங்களோடு சேரவில்லை. பெல்ஜியத்தில் கொல்சிசின் என்ற இரசாயனத்தைக் கொண்டு அதன் நிறமூர்த்தங்களை இரட்டிப்பாக்கிய பிறகுதான் கதவு திறந்தது. அதைத் தாயாகவும் பசிலிஸ்க் போன்றவற்றைத் தந்தையாகவும் வைத்து 1980களின் இறுதியில் தொடங்கிய கலப்புகளின் பேரப்பிள்ளைதான் முலாட்டோ-2. மூன்று இனங்களின் இரத்தம் அதில் ஓடுகிறது. பாலின்றி விதை கட்டும் தன்மை, ஒன்றோடொன்று இறுகப் பிணைந்த பரம்பரையலகுகள் கொண்ட ஒரு நிறமூர்த்தப் பகுதியால் ஆட்சியுடையதாக, அதாவது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படும்படி, கடத்தப்படுகிறது. இனவிருத்தியாளர் பால்முறைத் தாய்களில் எதிர்ப்பைச் சேர்த்துக்கொண்டே போய், கடைசியில் இந்தப் பகுதியை உள்ளே கொண்டுவந்து பூட்டிவிடுகிறார். பூட்டிய பிறகு பண்ணைக்காரர் தன் விதையையே மறுபடி விதைத்தாலும் குணம் மாறாது. கலப்பின விதைக்கு ஆண்டுதோறும் கடைக்குப் போகும் மரக்கறிக்காரர்களுக்கு இது பொறாமையூட்டும் செய்தி. அதேவேளை, முலாட்டோ வகைகள் விதை குறைவாகவே கட்டுவதால் அந்தப் பைக்கு அந்த விலை.

எதிர்ப்பை அளக்கும் முறை எளிமையானது. சிறு குழாயில் புல்லை நட்டு, வேர் மேலே வரும்படி செய்து, பொரிக்கும் தறுவாயில் உள்ள முட்டைகளை இட்டு, இளம் பூச்சிகளில் எத்தனை பிழைக்கின்றன என்று எண்ணுவார்கள். முப்பது வீதத்துக்கும் குறைவாகப் பிழைத்தால், புல்லுக்குச் சேதமும் சிறிதாக இருந்தால், எதிர்ப்புள்ளது. இவ்வாறு அளந்து, நல்லவற்றை மட்டும் தங்களுக்குள் கலந்து, மீண்டும் அளந்து என்று சில சுற்றுகளிலேயே மூன்று நுரைப்பூச்சி இனங்களுக்கு எதிர்ப்பு வேகமாக ஏறியதை 2006இல் அறிக்கையிட்டார்கள். அந்த வேகத்தைப் பார்த்தால் எதிர்ப்பு பெருமளவு பரம்பரையால் கடத்தப்படுவது தெரிகிறது. ஆனால் 2019இல் பிரேசிலில் நான்மடியப் பிரக்கேரியா ஒன்றின் நிறமூர்த்த வரைபடத்தை வரைந்தபோது கிடைத்தவை, சிறு சிறு பங்களிக்கும் சில இடங்களே. அதை நான் நல்ல செய்தியாகவே பார்க்கிறேன். ஐஆர்26இன் ஒற்றைக் கதவைவிடப் பல சிறு தாழ்ப்பாள்கள் மேல்.

இவ்வளவும் சொன்னபின் மாமாவின் முகம் மலர்ந்தது. அதை நானே கெடுக்க வேண்டியதாயிற்று. அந்த எதிர்ப்பு நுரைப்பூச்சிக்கு எதிரானது, அதுவும் அமெரிக்க வெப்பவலயத்து நுரைப்பூச்சிக்கு எதிரானது. குளியாப்பிட்டித் தென்னங்காணியில் அந்தப் பூச்சி இல்லை. விலைப்பட்டியலில் தடித்த எழுத்தில் இருந்த சொற்றொடர் பொய்யல்ல. ஆனால் அது கொலம்பியாவின் உண்மை. மேலும் இளம் பூச்சியைக் கொல்லும் எதிர்ப்பு வளர்ந்த பூச்சியின் சேதத்தைத் தடுக்கும் என்றும் சொல்ல முடியாது. அங்கேயே இரண்டும் தனித்தனிக் குணங்களாகத்தான் வெளிப்பட்டன.

ஆயினும் பிரக்கேரியாவை நான் ஒதுக்கவில்லை. கென்யாவிலும் அண்டை நாடுகளிலும் சோளத்தைச் சுற்றி முலாட்டோ-2ஐ வேலியாகவும் நடுவில் டெஸ்மோடியம் என்ற அவரைக் குடும்பச் செடியையும் நட்ட வயல்களில் சேனா படைப்புழுவின் தொகை நான்கில் மூன்று பங்குக்கும் மேலாகக் குறைந்ததாக 2018இல் அளந்திருக்கிறார்கள். சில சோதனைகளில் பெண் அந்துப்பூச்சி பிரக்கேரியாவில் விரும்பி முட்டையிட்டது, பொரித்த குடம்பியோ அதில் சரியாகப் பிழைக்கவில்லை. இன்னும் ஒன்று: தண்டு துளைப்பான் முட்டையிட்டதும் பிரக்கேரியா விடும் மணத்தில் ஏற்படும் மாற்றம், அந்தத் துளைப்பானின் புழுக்களைத் தாக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளை அழைப்பதாக 2010இல் கண்டார்கள். ஆகவே நமக்குத் தேவையான எதிர்ப்பு அந்தப் பையில் இருக்கிறது, விலைப்பட்டியலில் எழுதாத எதிர்ப்பாக. மரத்தடி நிழலைச் சீஓ-3ஐவிடப் பிரக்கேரியா நன்றாகத் தாங்கும் என்பதும் தென்னங்காணியில் பெரிய காரணம். மாமா ஆடும் வளர்க்கலாம் என்று ஒரு யோசனை வைத்திருந்தார். பிரக்கேரியாவில், குறிப்பாகப் பசிலிஸ்கில், உள்ள சப்போனின் என்ற பொருள் ஆட்டின் ஈரலைத் தாக்கி வெயிலில் தோல் வெந்துபோகச் செய்யும் என்றதும் அந்த யோசனையை அங்கேயே கைவிட்டார்.

மூன்றாவது தாள்தான் என்னை அதிக நேரம் பிடித்துவைத்தது. ரைப்புல்லின் பூச்சி எதிர்ப்பு ரைப்புல்லுக்குச் சொந்தமானது அல்ல. புல்லின் கலங்களுக்கிடையே எபிக்ளோயி என்ற பங்கசு குடியிருக்கிறது; வெளியே தெரியாது, புல்லுக்கு நோய் தராது, விதைக்குள் ஏறிக்கொண்டு தாய்வழியாக அடுத்த தலைமுறைக்குப் போகும். பூச்சியை விரட்டும் அற்கலோயிட்டுகள் என்ற நச்சுப் பொருள்களை உற்பத்தி செய்யும் பரம்பரையலகுகள் இந்தப் பங்கசின் நிறமூர்த்தங்களில் இருக்கின்றன. ஆர்ஜென்டினாவிலிருந்து நியூசிலாந்துக்குப் போன தண்டுக் கூன்வண்டை விலக்கும் பெராமின், பெர்-ஏ என்ற ஒற்றைப் பரம்பரையலகு ஆக்கும் ஒரு பெரிய நொதியத்தின் வேலை என்று 2005இல் காட்டினார்கள். செம்மறியையும் மாட்டையும் தள்ளாடி விழவைக்கும் லோலிட்ரெம்-பீ என்பதோ, பங்கசின் வேறொரு பரம்பரையலகுக் கொத்தின் விளைவு. மாட்டின் தோல் அருகே இரத்தக் குழாய்களைச் சுருக்கி உடல் வெப்பத்தை வெளியேறவிடாமல் செய்யும் எர்கோவலின் மற்றொன்று. கரு வண்டு என்ற புல் தின்னும் கறுப்பு வண்டை விரட்டுவதும் அதுவே.

இந்த உண்மை வெளிவந்த வரிசை படிப்பினை நிறைந்தது. 1981இல் நியூசிலாந்தில் செம்மறிகளின் தள்ளாட்டத்துக்குக் காரணம் இந்தப் பங்கசு என்று கண்டதும், அதை ஒழித்துவிட்டால் போதும் என்று நினைத்தார்கள். அடுத்த ஆண்டே, பங்கசு இல்லாத ரைப்புல்லைக் கூன்வண்டு தின்று தீர்ப்பது தெரிந்தது. பிறகு எஞ்சிய வழி, நஞ்சு குறைந்த பங்கசைத் தேடிப் பிடித்து நல்ல புல்லுக்குள் குடியேற்றுவது. 2001இல் வந்த ஏஆர்1 என்ற பங்கசு வகை பெராமினை மட்டும் தரும். லோலிட்ரெம்-பீயும் எர்கோவலினும் இல்லை. 2007இல் வந்த ஏஆர்37 பெராமின்கூடத் தராது, எபொக்சி-ஜாந்திட்ரெம் என்ற வேறு வகை அற்கலோயிட்டால் கூன்வண்டையும் கரு வண்டையும் வேர் அசுவணியையும் தடுக்கிறது. செம்மறிகளில் மட்டும் சில வேளை தள்ளாட்டம் உண்டு.

மாணவப் பருவத்தில் இந்தப் பங்கசை நான் நுணுக்குக்காட்டியில் பார்த்திருக்கிறேன். ரைப்புல் தூரின் அடியிலிருந்து இலையுறையைப் பிரித்து, அதன் உட்புறத் தோலை ஊசிமுனையால் மெல்லிய கண்ணாடித் தாள் போல உரித்து, அனிலின் நீலச் சாயத்தில் நனைத்து வைத்தால், செங்கல் அடுக்கிய மாதிரி நிற்கும் புல்லின் கலங்களுக்கு நடுவே வளைந்து நெளிந்து, கிளைவிடாமல், நீல நூல் ஒன்று நீளவாக்கில் ஓடும். அதுதான் பங்கசு. பல ஆண்டுகள் கழித்து, புறக்கோட்டைக் கடை ஒன்றில் (பெயர் வேண்டாம்) நண்பர் ஒருவருக்காக வாங்கிய ரைப்புல் விதையை அதே முறையில் சோதித்தேன். பங்கசு உள்ளது என்று பையில் அச்சிட்டிருந்தது. விதை பச்சைப் பசேலென்று முளைத்தது. பத்துத் தூர்களில் ஒன்றில்கூட நீல நூல் இல்லை. அந்தப் பை தகரக் கூரைக்குக் கீழே எத்தனை மாதம் கிடந்ததோ. விதையைவிட அதற்குள் இருக்கும் பங்கசு வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் விரைவில் செத்துவிடும்; உடல் உயிரோடு இருக்க, காவலாளி மட்டும் இறந்துபோகிறான். நியூசிலாந்தில் இத்தகைய விதையில் குறைந்தது எழுபது வீதத்தில் உயிருள்ள பங்கசு இருக்க வேண்டும் என்பது தொழில்துறை நியமம். அங்கு குளிர்ந்த களஞ்சியத்தில் புறப்படும் பொதி, கொழும்புத் துறைமுகக் கொள்கலனிலும் பின்னர் கடைக் களஞ்சியத்திலும் கழிக்கும் வாரங்களுக்கு அந்த நியமம் பொறுப்பேற்காது.

நியூசிலாந்துக் கூன்வண்டின் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. மூன்று தாள்களையும் ஒன்றாகப் பார்க்க அதுதான் எனக்கு உதவியது. 1991இல் இந்த வண்டுக்கு எதிராகத் தென் அமெரிக்காவிலிருந்து ஒரு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். முதலில் வெற்றி, பின்னர் ஒட்டுண்ணி பிடிக்கும் வண்டுகளின் வீதம் வீழ்ந்தது. குளவி ஆணின்றிப் பெருகும் இனம், ஒவ்வொன்றும் தாயின் நகல். வண்டோ பால்முறையில் பெருகி ஒவ்வொரு தலைமுறையிலும் சீட்டைக் குலுக்கிப் போடுகிறது. நகலாகவே நிற்பவர், குலுக்கிப் போடுபவரிடம் கடைசியில் தோற்கிறார் என்பதே ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம். இப்போது நம் மேசையைப் பாருங்கள்: சீஓ-3 தண்டால் வரும் நகல்; முலாட்டோ-2 விதையால் வரும் நகல்; ரைப்புல் மட்டும் பிறகலப்பால் செடிக்குச் செடி வேறுபடுகிறது, ஆனால் அதைக் காக்கும் பங்கசு நகல். மூன்றிலுமே எதிர்ப்பு அசையாமல் நிற்கிறது, பூச்சி நடக்கிறது.

பாக்டீரியாவின் நச்சுப் பரம்பரையலகைப் புல்லுக்குள் புகுத்தும் வழி நான்காவதாக இருக்கலாமே என்று மாமாவின் மகன் கேட்டான். பிரேசிலில் 2017இல் அப்படி ஒரு கரும்பை அனுமதித்தார்கள், கரும்பும் புல்தான். ஆனால் அத்தகைய சோளத்தைத் தின்னும் படைப்புழு 2006லேயே புவேர்ட்டோ ரிக்கோவில் தோன்றிவிட்டது. இலங்கையில் இத்தகைய பயிரை வணிக ரீதியில் யாரும் பயிரிடுவதில்லை. ஆகவே இதை மேசையில் வைக்கவே தேவையில்லை என்று முடித்துவிட்டேன்.

நானுஓயாக் காணிக்கு என் பதில் மாமாவுக்கு ஏமாற்றம் தந்தது: பங்கசு இல்லாத ரைப்புல்லையே வாங்குங்கள், அதோடு ஏற்கெனவே ஓரங்களில் கிடக்கும் கிகுயுப் புல்லையும் விட்டுவையுங்கள். காரணம், ஏஆர்1 காக்கும் கூன்வண்டின் பெயரை மலையகத்தில் எந்தப் பண்ணைக்காரரும் சொல்லி நான் கேட்டதில்லை. அங்கே மண்ணுக்குள் இருக்கும் வெண்புழுக்களுக்கு அது காவல் தராது. ஏஆர்37 ஓரளவு பொருந்தலாம், ஆனால் உயிருள்ள பங்கசோடு வந்து சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லாத பொதிக்கு அந்த விலை கொடுப்பது, குளிர்பெட்டி இல்லாத வண்டியில் ஐஸ்கிறீம் வாங்கி அனுப்புவது போன்றது. ஆனால் ஒன்றில் கண்டிப்பாக இருந்தேன்: பங்கசின் வகை எதுவென்று எழுதாத மலிவு விதை வேண்டாம். அதில் பழைய காட்டுவகைப் பங்கசு உயிரோடு இருந்தால் லோலிட்ரெம்-பீயும் எர்கோவலினும் சேர்ந்து வரும். மாட்டின் கால் தள்ளாடும்போது நாம் மிருக வைத்தியருக்கு என்ன சொல்வது?

குளியாப்பிட்டிக்கு வந்தபோது பதில் இரண்டாகப் பிரிந்தது. வெயில் விழும் திறந்த பக்கத்தில் சீஓ-3, நாற்பத்தைந்து நாள் வெட்டுத் தவறாமல் செய்ய ஆள் இருக்கும் அளவுக்கு மட்டும். மரத்தடியில் பிரக்கேரியா, ஆனால் முலாட்டோ-2ஐ மட்டும் ஒன்பது ஏக்கரும் பரப்பிப் பிரேசிலின் பிழையைச் சின்ன அளவில் செய்துவிடாமல், ஏற்கெனவே காணியில் தானாக நிற்கும் கினிப்புல்லையும் உள்ளூர்ப் பிரக்கேரியாவையும் இடையிடையே விட வேண்டும். உற்பத்தி ஒரு பங்கு குறையும் என்று மாமா முணுமுணுத்தார். குறையும்தான், நான் மறுக்கவில்லை. கினிப்புல்லும் பெரும்பாலும் பாலின்றி விதை கட்டுவதுதான் என்றாலும், அது வேறொரு தாயின் நகல். ஒரு காணிக்குள் மூன்று தாய்களின் பிள்ளைகள் நின்றால் ஒரே பூச்சி ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் முடிக்க முடியாது. ஆசியாவுக்குள் வந்த படைப்புழுக்களின் நிறமூர்த்த அடையாளங்கள் சோள வகையின் சாயலையே பெரிதும் காட்டுகின்றன; மேய்ச்சல் புல்லையும் நெல்லையும் அதிகம் நாடும் வகை அமெரிக்காவில் தனியாக இருக்கிறது. அந்த வகை என்றைக்காவது இங்கே இறங்கினால் இன்று சோளத்தில் பார்ப்பதைப் புல்லில் பார்க்க நேரிடும். அதை எண்ணியும்தான் இந்தக் கலவையைச் சொன்னேன்.

கலவையின் அளவைத் தாளில் வைத்துத் தீர்மானிக்க முடியாது என்பதால், சித்திரை மழைக்கு முன் காணியின் கிழக்கு மூலையில் நான்கு வரிசை சோதனைத் துண்டு போடச் சொல்லியிருக்கிறேன்: ஒவ்வொரு வரிசையிலும் சீஓ-3, முலாட்டோ-2, கினிப்புல், உள்ளூர்ப் பிரக்கேரியா என்று நான்கும், வரிசைக்கு வரிசை இடம் மாற்றி. சனிக்கிழமை தோறும் காவல்காரர் ஒவ்வொரு வகையிலும் பத்துப் புதரைப் பார்த்து, குருத்தில் துளை உள்ளவை எத்தனை, கழிவு உள்ளவை எத்தனை என்று கொப்பியில் எழுத வேண்டும். மாமா மூன்று தாள்களையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இறக்குமதி முகவருக்குத் தொலைபேசியில், "முதலில் இரண்டு கிலோ மட்டும் அனுப்பும், பொதி எந்த மாதம் அடைத்தது என்று பையைப் பார்த்துச் சொல்லும்" என்றார்.